நான்கு வரப்பும் ஒரு மூலையும்

ஒரு நிலத்தின் நான்கு வரப்புகளையும் நாடா பிடித்து அளந்துவிட்டால் அதன் விஸ்தீரணம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம் கிராமங்களில் வேரூன்றிப் போன ஒன்றாகும். எதிரெதிரான இரு வரப்புகளின் நீளத்தைக் கூட்டிப் பாதியாக்குவது, மற்ற இரண்டையும் அவ்வாறே செய்வது, கிடைத்த இரு எண்களையும் பெருக்குவது என்பதே பலர் கையாளும் கணக்கு. குத்தகை பேசும்போதும், கிரயம் பேசும்போதும், பாகம் பிரிக்கும்போதும் இதுவே முன்னிற்கின்றது. (நாடா என்றதும் நெசவாள அன்பர்களுக்குத் தறியில் ஓடும் நாடா நினைவுக்கு வரலாம். நாம் இங்கே குறிப்பது அளவுநாடாவை. அவர்களுக்கும் இக்கட்டுரையில் வேலை உண்டு. சற்றுப் பொறுத்தருள வேண்டும்.)

இக்கணக்கு நம்மை எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இரண்டு நிலங்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் வடவரப்பு 80 மீட்டர், கீழ்வரப்பு 60 மீட்டர், தென்வரப்பு 70 மீட்டர், மேல்வரப்பு 50 மீட்டர். நான்கு அளவும் ஒன்றே. வழக்கக் கணக்கின்படி 80-ஐயும் 70-ஐயும் கூட்டிப் பாதியாக்க 75. 60-ஐயும் 50-ஐயும் கூட்டிப் பாதியாக்க 55. பெருக்கினால் 4,125 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆகவே இரண்டு நிலங்களும் தலா 102 சென்ட் என்று முடிவாகும்.

ஆனால் உண்மை என்ன? முதல் நிலம் 100 சென்ட். இரண்டாவது நிலமோ 79 சென்ட்தான். ஒன்று ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. மற்றது தள்ளிவிட்ட பந்தலைப் போலச் சாய்ந்து கிடக்கிறது. வரப்பின் நீளம் மாறவில்லை, மூலைகள் மாறிவிட்டன. இரண்டாவது நிலத்தை 102 சென்ட் என்று நம்பி வாங்கியவர், இல்லாத 23 சென்டுக்கு விலை கொடுத்தவர் ஆவார். குத்தகைக்கு எடுத்தவர் ஆண்டுதோறும் அந்த 23 சென்டுக்கும் சேர்த்து அளப்பார். விதையும் உரமும் ஏக்கர்க் கணக்கில் வாங்குகிறவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். பயிர்க் கடனும் ஏக்கருக்கு இவ்வளவு என்ற அடிப்படையில்தான் கணிக்கப்படுகிறது என்பதை நம் சங்க அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதுதான் இதில் கவனிக்கத்தக்கது. வழக்கக் கணக்கு உள்ளதற்குக் குறைவாக ஒருநாளும் காட்டாது. நிலம் சரியான செவ்வகமாக இருந்தால் சரியாகக் காட்டும், மற்ற எல்லா வடிவங்களிலும் கூடுதலாகவே காட்டும். ஏனெனில் அது நான்கு மூலைகளையும் நேர்கோணம் என்று தானாகவே எண்ணிக்கொள்கிறது. இரு வரப்புகள் நேர்கோணத்தில் கூடும்போதுதான் அவை அடைக்கும் முக்கோணம் மிகப் பெரிதாக இருக்கும். மூலை ஒடுங்கினாலும் விரிந்தாலும் அது சுருங்கும். ஆக, விற்பவருக்கு எப்போதும் ஆதாயம், வாங்குபவருக்கு எப்போதும் நஷ்டம் என்ற ஒருதலைக் கணக்கு இது.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. எகிப்து தேசத்தில் நைல் நதிக் கரையிலுள்ள எட்பு ஆலயத்தின் சுவரில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலக்கொடைப் பட்டியல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதிலும் இதே கணக்குத்தான். மூன்று பக்கமுள்ள நிலத்துக்கு நான்காம் பக்கம் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு அதே வழியில் பெருக்கியிருக்கிறார்கள்! நம் நாட்டில் 628-ஆம் ஆண்டில் நூல் இயற்றிய பிரம்மகுப்தர் இதனைத் தோராயக் கணக்கு என்று தெளிவாகப் பிரித்துக் கூறி, நுட்பமான கணக்கு வேறு உண்டு என்றார். 1150-இல் ‘லீலாவதி’யை எழுதிய பாஸ்கராசாரியர் இன்னும் ஒரு படி மேலே சென்று, மூலைவிட்டமோ செங்குத்தளவோ சொல்லாமல் நான்கு பக்கங்களை மட்டும் சொல்லிப் பரப்பைக் கேட்பதே பொருந்தாது என்று கண்டித்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அவர் கண்டித்த கேள்வியை நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே நான்கு வரப்புகளோடு ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கே நாடா பிடித்து மூலைவிட்டத்தை அளக்க முடியுமானால் தொல்லை தீர்ந்தது. நிலம் இரு முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். நில அளவைத் துறையினரின் புலப்படங்களைப் பார்த்தவர்கள், மூலைவிட்டம் போட்டு அதிலிருந்து இருபுறமும் செங்குத்தளவுகள் எடுத்திருப்பதைக் கண்டிருப்பர். ஆனால் நடு வயலில் ஆளுயரக் கரும்பு நிற்கும்போது நாடாவை எப்படி இழுப்பது? கிணறோ, பண்ணைக்குட்டையோ, களத்துமேடோ குறுக்கிட்டால் என் செய்வது? இவ்விடத்தில்தான் கொசைன் விதி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் விதி நம் வயலுக்கு இறங்கி வருகிறது.

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மூலையிலிருந்து ஒரு வரப்பின் வழியே 10 மீட்டர் செல்வோம். அங்கிருந்து மற்ற வரப்பை நோக்கிச் செங்குத்தாக வருவோம். வந்து சேரும் இடம் மூலையிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவோ, அதனைப் பத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்த மூலையின் கொசைன். மூலை நேர்கோணமாயின் வந்து சேரும் இடம் மூலையே. ஆகவே கொசைன் சுழி. மூலை ஒடுங்க ஒடுங்க அது ஒன்றை நோக்கி வளரும்.

விதி இதுதான்: முக்கோணத்தின் இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். அந்த இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, இரட்டித்து, அவற்றுக்கு இடையிலுள்ள மூலையின் கொசைனால் பெருக்கி, முன் வந்த கூட்டுத் தொகையிலிருந்து கழிக்க வேண்டும். எஞ்சுவது மூன்றாம் பக்கத்தின் வர்க்கம். மூலை நேர்கோணமாயின் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. அப்போது மிஞ்சுவது, தச்சரும் கொத்தனாரும் மூன்று நான்கு ஐந்து என்று மூலை மட்டம் பார்க்கும் பழைய விதியே.

கோணத்தை அளக்கும் கருவி நம்மிடம் இல்லையே என்று கேட்கலாம். கருவி வேண்டியதில்லை, நாடாவே போதும். மூலையிலிருந்து இரு வரப்புகளிலும் சரியாக 10 மீட்டர் தூரத்தில் ஒவ்வொரு முளை அடிக்க வேண்டும். இரு முளைகளுக்கும் இடையிலுள்ள குறுக்களவை எடுக்க வேண்டும். இது நிலத்தின் ஓரத்தையே வெட்டிச் செல்வதால் கரும்பு நின்றாலும் ஓரிரு வரிசைகளை விலக்கிப் பிடித்து அளந்துவிடலாம். குறுக்களவை அதனாலேயே பெருக்கி, 200-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் கொசைன் கிடைத்துவிடும். கொசைன் விதியையே தலைகீழாகப் பிடித்த கணக்குத்தான் இது. இரு பக்கமும் 10 என்று வைத்துப் பார்த்தால் விளங்கும். அட்டவணைப் புத்தகமும் தேவையில்லை.

நம் முதல் நிலத்துக்கு வருவோம். அதன் ஈசானிய மூலையில், அதாவது 80 மீட்டர் வடவரப்பும் 60 மீட்டர் கீழ்வரப்பும் கூடும் இடத்தில், முளைகளுக்கிடையே 12 மீட்டர் இருக்கிறது. 12-ஐ 12-ஆல் பெருக்க 144. அதனை 200-ஆல் வகுக்க 0.72; ஒன்றிலிருந்து கழிக்க 0.28. இதுவே கொசைன். இப்போது 80-இன் வர்க்கம் 6,400, 60-இன் வர்க்கம் 3,600, கூட்டினால் 10,000. எண்பதையும் அறுபதையும் பெருக்கி இரட்டிக்க 9,600, அதனை 0.28-ஆல் பெருக்க 2,688. கழித்தால் 7,312. இதன் வர்க்கமூலம் 85.51. ஆகவே வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைவரை, கரும்புக்கு நடுவே நாம் நடக்காத தூரம் 85 மீட்டர் 51 சென்டிமீட்டர்.

விதியை நம்பாதவர் வேறொரு வழியில் சரிபார்க்கலாம். வடமேற்கு மூலையிலிருந்து கீழ்வரப்புக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்கினால், அது ஈசானிய மூலையிலிருந்து 80-ஐ 0.28-ஆல் பெருக்கிய 22.4 மீட்டரில் விழும். செங்குத்தின் நீளம் 76.8 மீட்டர். கீழ்வரப்பில் எஞ்சுவது 37.6 மீட்டர். இவ்விரண்டின் வர்க்கங்களான 5,898.24-ஐயும் 1,413.76-ஐயும் கூட்டினால் மீண்டும் அதே 7,312. இந்தச் செங்குத்துக்கோட்டை வைத்துத்தான் யூக்ளிட் என்ற கிரேக்க அறிஞர், சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே தமது நூலின் இரண்டாம் பாகத்தில் இவ்விதியை நிறுவினார். கொசைன் என்ற சொல் அவர் காலத்தில் இல்லை, சங்கதி அதுவேதான். பிரெஞ்சு தேசத்துப் பள்ளிகளில் இன்றும் இவ்விதியைப் பதினைந்தாம் நூற்றாண்டின் பாரசீகக் கணித அறிஞர் அல்-காஷியின் பெயரால் வழங்குகின்றனர்.

பரப்புக்குப் போவோம். 76.8 மீட்டர் செங்குத்தை 60 மீட்டர் வரப்பால் பெருக்கிப் பாதியாக்கினால் 2,304 சதுர மீட்டர். இது வடகிழக்கு முக்கோணம். மற்ற முக்கோணத்துக்கு இப்போது மூன்று பக்கங்களும் கைவசம் உள்ளன: 70, 50, 85.51. விதியைத் திருப்பிப் போட்டால் தென்மேற்கு மூலையின் கொசைன் வரும். 70, 50 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 7,400. அதில் 7,312 போக 88. அதனை 70, 50 இவற்றின் பெருக்கத்தை இரட்டித்த 7,000-ஆல் வகுக்க 0.0126. இது சுழிக்கு வெகு அருகில் இருப்பதால் மூலை ஏறக்குறைய நேர்கோணமே. ஆகவே பரப்பு 70-ஐ 50-ஆல் பெருக்கிய பாதி, 1,750 சதுர மீட்டர். இரண்டும் சேர்ந்து 4,054. அதாவது 100 சென்ட்.

கணக்கு இங்கே முடிந்தாலும், வேலை முடியவில்லை என்றே நாம் கருதுகிறோம். தென்மேற்கு மூலையின் கொசைன் 0.0126 என்று கணக்குச் சொன்னால், அங்கே 10 மீட்டர் முளைகளின் குறுக்களவு 14.05 மீட்டர் இருந்தாக வேண்டும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மூலைக்குப் போய் அளந்து பார்க்க வேண்டும். 14.05-க்கு அருகில் வந்தால், நான்கு வரப்பு அளவும், முதல் மூலை அளவும், கூட்டல் கழித்தலும் எல்லாம் சரி என்று உறுதியாயிற்று. இரண்டு மூன்று சாண் விலகினால் எங்கோ ஒரு வரப்பைத் தப்பாகப் படித்திருக்கிறோம். காசில்லாமல் கிடைக்கும் தணிக்கை இது. சங்கக் கணக்கில் வரவையும் செலவையும் நேர் பார்ப்பதைப் போன்றது.

இரண்டாவது நிலத்தின் ஈசானிய மூலையில் குறுக்களவு 8 மீட்டர்தான். கொசைன் 0.68. மூலைவிட்டம் 58.92 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. செங்குத்து அளவைப் பெற, கொசைனின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து வர்க்கமூலம் கண்டு வரப்பின் நீளத்தால் பெருக்க வேண்டும், வர்க்கமூலம் 0.733, செங்குத்து 58.66 மீட்டர். முதல் முக்கோணம் 1,760 சதுர மீட்டர். தென்மேற்கு மூலையின் கொசைன் 0.561, அதே முறையில் இரண்டாம் முக்கோணம் 1,448. ஆகக் கூடி 3,208 சதுர மீட்டர், 79 சென்ட். தென்மேற்கு மூலையில் தணிக்கைக்கு எதிர்பார்க்க வேண்டிய குறுக்களவு 9.37 மீட்டர். வர்க்கமூலம் காண்பதற்குக் கைப்பேசியிலுள்ள கணக்கிடும் வசதியே போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மூலை விரிந்திருந்தால் குறுக்களவு 14.14 மீட்டரைத் தாண்டும். அப்போது கொசைன் சுழிக்குக் கீழே போகும். குறுக்களவு 16 மீட்டராயின் கொசைன் கழித்தல் 0.28. அத்தகைய மூலையில் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். ஐந்தாறு மூலையுள்ள நிலமாயின் முக்கோணங்களாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செல்லலாம்.

நில அளவை நூல்களில் கோணத்தை அளப்பதற்கே முதலிடம் தந்திருக்கிறார்களே, நாம் ஏன் நீளத்தை அளந்து கோணத்துக்குப் போகிறோம் என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை நம் சென்னையிலேயே இருக்கிறது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பரங்கிமலைக்கு அருகில் லாம்டன் என்ற வெள்ளைக்காரத் தளபதி சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்திய உபகண்டம் முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணியின் தொடக்கம் அது. ஒரு கோட்டை அளப்பதற்குள் வாரக்கணக்கில் உழைப்பு கழிந்தது. ஆகவே நீளத்தை அரிதாக அளந்து, மீதியெல்லாம் கோணங்களைக் கொண்டே கணித்தார்கள். கோணம் அளந்த கருவியோ அரை டன் எடை. காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லாமையால் கோயில் கோபுரங்களின் மேல் அதனை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்டன் தாமே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார்.

அவருக்குக் கோணம் மலிவு, நீளம் அருமை. நமக்கு அது நேர்மாறு. நாடா மலிவு, கோணக்கருவி அருமை. உலகத்து அளவையாளர்களுக்கும் பின்னால் காலம் மாறியது. 1940-களின் இறுதியில் சுவீடன் தேசத்தில் ஒளியைக் கொண்டும், 1950-களில் தென்னாப்பிரிக்காவில் வானொலி அலையைக் கொண்டும் தூரத்தை அளக்கும் கருவிகள் தோன்றிய பின், பக்கங்களை அளந்து கோணங்களைக் கொசைன் விதியால் பெறும் முறை அவர்களிடையேயும் பரவியது. நாம் முளையடித்துச் செய்வது அதன் எளிய வடிவமே.

எச்சரிக்கையாகச் சில சொல்ல வேண்டும். முளைகளின் குறுக்களவில் ஐந்து சென்டிமீட்டர் தவறினால், நம் முதல் நிலத்தின் மூலைவிட்டத்தில் அது ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் தவறாகப் பெருகும். சிறிய முக்கோணத்திலிருந்து பெரிய முக்கோணத்துக்குப் போகும்போது பிழையும் உடன் வளரத்தான் செய்யும். ஆகவே வரப்பில் இடமிருந்தால் முளைகளை 20 மீட்டரில் அடிப்பது நலம், பிழை பாதியாகும். அப்போது 200-க்குப் பதிலாக 800-ஆல் வகுக்க வேண்டும். நாடா தொய்யாமலும் மண்ணில் நெளியாமலும் இழுத்துப் பிடித்தல் வேண்டும். வரப்பு வளைந்திருந்தால், மூலைக்கு மூலை கயிறு கட்டி அக்கயிற்றின் மேல் முளையடிக்க வேண்டும். வளைந்த வரப்பின் மேல் அடித்த முளை கோணத்தைக் கெடுத்துவிடும். கைப்பேசியைக் கையில் பிடித்து நிலத்தைச் சுற்றி வந்தால் பரப்பைச் சொல்லும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. பல ஏக்கர் நிலத்துக்கு அவை உதவலாம். ஆனால் கைப்பேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் தவறு இருப்பது இயல்பாதலால், அறுபது மீட்டர் வரப்புள்ள நிலத்தில் அதனை நம்பிப் பணம் எண்ணிக் கொடுப்பது உசிதமன்று.

நாம் கண்ட பரப்பைப் பட்டாவிலுள்ள ஹெக்டேர், ஏர் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 100 சதுர மீட்டர் ஓர் ஏர். ஆகவே இரண்டாவது நிலம் ஏறக்குறைய 32 ஏர். புலப்படத்தின் நகலையும் வாங்கிப் பார்த்து, அதிலுள்ள வரப்பளவுகளோடு நம் அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பது நன்று. ஆனால் எல்லைத் தகராறு என்று வந்துவிட்டால் நம் முளைகள் சாட்சியாகா. உரிய கட்டணம் செலுத்தி விண்ணப்பித்து, நில அளவையரைக் கொண்டு அளந்து கல் நடச் செய்வதே முறை. அவர் வருமுன் நம் கணக்கு நம் கையில் இருந்தால், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்கலாம்.

நெசவாள அன்பர்களுக்கு வருவோம். தறிச் சட்டம் மூலை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து சமமா என்று பார்ப்பது பலரும் அறிந்த வழி. சமமில்லை என்றால் எவ்வளவு கோணல் என்பதையும் அதே விதி சொல்லும். சட்டம் 5 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ளதாகக் கொள்வோம். மட்டமாக நின்றால் இரு மூலைவிட்டமும் 6 அடி 4.8 அங்குலம். ஒரே ஒரு பாகை சாய்ந்தால் ஒன்று 6 அடி 5.5 அங்குலமாக நீளும். மற்றது 6 அடி 4.2 அங்குலமாகக் குறையும். வித்தியாசம் 1.3 அங்குலம். ஒரு பாகைதானே என்று விட்டுவிட்டால், 48 அங்குல அகலத் துணியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவதற்குள் முக்கால் அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். வெறும் வெள்ளைத் துணியில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கட்டம் போட்ட கைலியிலும் துண்டிலும் கொள்முதல் மேஜையில் மடித்துப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இந்த அளவுள்ள சட்டத்துக்கு மூலைவிட்டங்களின் வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் கோணல் முக்கால் பாகை; அரை அங்குலம் என்றால் அதில் பாதி. நீண்ட மூலைவிட்டம் எந்த இரு மூலைகளை இணைக்கிறதோ, அந்த மூலைகளை உள்நோக்கித் தட்டிக்கொடுத்து, இரு கயிறும் ஒத்து வரும்வரை நகர்த்த வேண்டும். பாவு ஏற்றுவதற்கு முன் இதனைச் செய்வது எளிது. ஏற்றிய பின் செய்வது எவ்வளவு பாடு என்பது தறியில் அமர்ந்தவர்களுக்குத் தெரியும்.